இரு வீடுகள், ஒரு குழந்தை

குடும்பநல நீதிமன்றங்கள் பலவற்றில் குழந்தைகளுக்கென்று ஓர் அறை ஒதுக்கப்பட்டிருக்கும். சுவரில் வண்ணப் படங்கள், மூலையில் சில பொம்மைகள், உட்காரச் சிறு நாற்காலிகள். நீதிமன்றம் குறித்துக் கொடுத்த நாளில், குறித்த நேரத்தில், தாயிடம் வளரும் குழந்தையைத் தந்தையோ, தந்தையிடம் வளரும் குழந்தையைத் தாயோ அங்கு வந்து பார்க்கிறார். கையில் ஒரு பலகாரப் பொட்டலம் இருக்கும். சில சமயம் ஒரு புதுச் சட்டை இருக்கும். நேரம் முடிந்ததும் குழந்தை எழுந்து, வாசலில் காத்திருக்கும் மற்றவரிடம் திரும்பிச் செல்கிறது. அந்தச் சில அடி தூரத்திற்குள் அது தன் முகத்திலிருந்த சிரிப்பை மறைத்துக்கொள்கிறது. அங்கே மகிழ்ந்திருந்தது தெரிந்தால் இங்கே இருப்பவர் வருந்துவார் என்பதை அது அறிந்திருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே கற்றுக்கொண்ட பாடம் அது.

கணவனும் மனைவியும் பிரிய நேரும்போது குழந்தைக்கு ஏற்படும் துன்பம் பலவகைப்பட்டது. அவற்றுள் ஆழமானது, ஒருவரை நேசிப்பது மற்றவருக்குச் செய்யும் துரோகம் என்று அது நம்பத் தொடங்குவதே. பெரியவர்களின் சொல்லாலும் நடத்தையாலும் விளைவது இத்துன்பம். ஆகவே அதைத் தடுப்பதும் பெரியவர்களின் கையிலேயே இருக்கிறது.

பிரிவு என்னும் நடைமுறை

இல்லறம் நிலைக்க வேண்டும் என்பதே எல்லோருடைய விருப்பமும். அதற்காக எடுக்க வேண்டிய முயற்சிகள் யாவும் எடுக்கப்பட வேண்டும். எனினும், எல்லா முயற்சிகளுக்கும் பிறகு சில மணவாழ்வுகள் முறிகின்றன. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மணமுறிவு பெற்றவர்கள் ஏறத்தாழ 13.6 இலட்சம் பேர். சட்டப்படி மணமுறிவு பெறாமலே பிரிந்து வாழ்பவர்கள் ஏறத்தாழ 35 இலட்சம் பேர். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இது சிறு பங்கே. ஆனால் இந்த எண்கள் பெரியவர்களை மட்டுமே சொல்கின்றன. அவர்களுடைய பிள்ளைகள் எத்தனை பேர் என்று சொல்வதில்லை.

இரண்டாவது எண்ணிக்கை முதலாவதைவிடப் பெரிதாக இருப்பது கவனிக்கத்தக்கது. வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை. தாய் பிறந்த வீட்டிற்குப் போய்விட்டாள், அல்லது தந்தை வேறு ஊருக்குப் போய்விட்டார், அவ்வளவுதான். 'அப்பாவுக்கு வெளியூரில் வேலை' என்று குழந்தையிடம் ஆண்டுக்கணக்கில் சொல்லப்படுகிறது. அப்படிப்பட்ட குழந்தைக்குப் பெற்றோரைப் பார்க்கக் குறித்த நாளும் கிடையாது. நடந்தது என்னவென்று எடுத்துச் சொல்பவரும் கிடையாது.

சட்டம் யாரை முன்னிறுத்துகிறது?

நம் நாட்டில் மணமுறிவுச் சட்டங்கள் பல. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டுச் சட்டம், 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமணங்கள் கலைப்புச் சட்டம், 1936-ஆம் ஆண்டின் பார்சிகள் சட்டம் என அவை விரியும். இந்துத் திருமணச் சட்டத்தில் இருவரும் மனமொத்துப் பிரியும் வழி 1976-இல் சேர்க்கப்பட்டது. ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்தவர்கள் சேர்ந்து மனு அளித்து, ஆறு மாதம் கழித்து மீண்டும் வந்து தங்கள் முடிவை உறுதி செய்ய வேண்டும். மனம் மாற இடமளிக்கவே இந்த ஆறு மாதம். சேர்ந்து வாழ வழியே இல்லையெனத் தெளிவானால், குழந்தைகளின் பொறுப்பு, ஜீவனாம்சம் ஆகியவை உண்மையாகத் தீர்க்கப்பட்டிருந்தால், இக்காலத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் கூறியது.

மணமுறிவுக்கு எத்தனை சட்டங்கள் இருந்தாலும், குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற கேள்வி எழும்போது நீதிமன்றங்கள் முதலில் பார்ப்பது குழந்தையின் நலனையே. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமும் 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டமும் அதையே வலியுறுத்துகின்றன. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்பது 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிகாட்டுதல். விவரம் அறிந்து விருப்பம் சொல்லும் வயதை அடைந்த குழந்தையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கருதிப் பார்க்கலாம். குழந்தைகள் பெற்றோரின் உடைமைகளும் அல்லர், விளையாட்டுப் பொருள்களும் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1973-லேயே எடுத்துரைத்தது. தாய், தந்தை இருவரின் அன்பும் அருகாமையும் குழந்தையின் அடிப்படை மனித உரிமை என்று அதே நீதிமன்றம் 2020-இல் கூறியது. நேரில் பார்க்க இயலாதபோது தொலைபேசி வழியாகவும் காணொளி வழியாகவும் பேச வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது. இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையும் இதையே சொல்கிறது: நலனுக்குக் கேடில்லாதவரை, பிரிந்திருக்கும் தாயோடும் தந்தையோடும் இடைவிடாத தொடர்பு குழந்தையின் உரிமை.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. 'குழந்தையைப் பார்க்க எனக்கு உரிமை இருக்கிறது' என்றே பெற்றோர் வாதிடுகிறார்கள். பார்க்கப்பட வேண்டும் என்பது முதலில் குழந்தையின் உரிமை. இந்தக் கோணத்தை ஏற்றுக்கொண்டால் பாதி வழக்கு அடங்கிவிடும்.

குழந்தையின் மனத்தில் நிகழ்வது

மணமுறிவால் குழந்தைகளுக்கு நேர்வதை நீண்ட காலம் ஆராய்ந்தவர்களில் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜூடித் வாலர்ஸ்டீன் என்ற உளவியலாளர் 1971-இல் 60 குடும்பங்களைச் சேர்ந்த 131 பிள்ளைகளை ஆராயத் தொடங்கி, அவர்களை ஏறத்தாழ 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வளர்ந்த பிறகும், தங்கள் சொந்த மணவாழ்வு நிலைக்குமா என்ற அச்சம் அவர்களில் பலரை விடவில்லை என்று அவர் கண்டார். விர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மேவிஸ் ஹெதரிங்டன் ஏறத்தாழ 1,400 குடும்பங்களை ஆராய்ந்து 2002-இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். மணமுறிவுக் குடும்பங்களின் பிள்ளைகளில் ஏறத்தாழ 25 விழுக்காட்டினர் கடும் மனச் சிக்கல்களுக்கு ஆளானார்கள்; பிரியாத குடும்பங்களில் இது 10 விழுக்காடு. அதாவது, ஆபத்து உண்மையானது. ஆயினும் நால்வரில் மூவர் நிமிர்ந்து எழுகிறார்கள். பெற்றோரின் சண்டை பிரிவோடு முடிந்ததா, பிறகும் தொடர்ந்ததா என்பதும், நிதானமும் கனிவும் உள்ள ஒரு பெரியவராவது அருகில் இருந்தாரா என்பதும் இதில் பெரும் பங்கு வகிக்கின்றன.

துன்பம் வெளிப்படும் விதம் வயதுக்கேற்ப மாறும். பள்ளி செல்லாத சிறு குழந்தை விட்டொழித்த பழக்கங்களுக்குத் திரும்பும்: படுக்கையை நனைக்கும், புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடாது, தனியே உறங்க அஞ்சும். ஆறு முதல் எட்டு வயதுவரை உள்ள குழந்தை வெளிப்படையாக ஏங்கும். 'நான் நன்றாகப் படித்தால் அப்பா வந்துவிடுவாரா?' என்று கேட்கும். ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கோபப்படும். யார் தவறு செய்தவர் என்று தேடி ஒருவர் பக்கம் சேரும். வளரிளம் பருவத்தினர் வீட்டைவிட்டு விலகி நண்பர்களிடம் புகலிடம் தேடுவார்கள். அல்லது வயதை மீறிய பொறுப்போடு தாயையோ தந்தையையோ தாங்கத் தொடங்குவார்கள். 'எவ்வளவு பொறுப்பான பிள்ளை!' என்று ஊர் பாராட்டும். அந்தப் பிள்ளை தன் இளமையைக் கைவிட்டு அந்தப் பாராட்டைப் பெறுகிறது என்பது எவர் கண்ணிலும் படாது.

பெரும்பாலும் எல்லா வயதுக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு: 'என்னால்தான் இப்படி ஆயிற்றா?' குழந்தை இதை வாய்விட்டுக் கேட்பது அரிது. தன் படிப்பைப் பற்றியோ செலவைப் பற்றியோ பெற்றோர் ஓர் இரவு வாதிட்டதை அது கேட்டிருக்கும். மறுவாரம் தந்தை வீட்டைவிட்டுப் போயிருப்பார். இரண்டையும் அது தன் மனத்திற்குள் முடிச்சுப் போட்டு வைத்திருக்கும். ஆகவே கேட்கப்படாவிட்டாலும் இதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

எப்படிச் சொல்வது?

இயன்றால் இருவரும் சேர்ந்து அமர்ந்து சொல்ல வேண்டும். ஒருவர் வீட்டைவிட்டுப் போன பிறகு சொல்வதைவிடச் சில நாள்கள் முன்பே சொல்வது நல்லது. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்திலோ, தேர்வு நாளிலோ, உறங்கும் நேரத்திலோ சொல்லலாகாது. சொற்கள் எளிமையாக இருக்க வேண்டும்: 'நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ முடியவில்லை. இனி இரண்டு வீடுகளில் இருப்போம். இது பெரியவர்கள் எடுத்த முடிவு. உன்னால் நேர்ந்தது அன்று. உன்னால் மாற்றக் கூடியதும் அன்று. அம்மா என்றும் உன் அம்மாதான். அப்பா என்றும் உன் அப்பாதான்.'

காரணங்களை விரித்துரைக்க வேண்டியதில்லை. பொய்யும் சொல்ல வேண்டாம். குழந்தைக்கு அந்த நேரத்தில் வேண்டியவை சிறிய, திட்டமான செய்திகள்: எந்தப் பள்ளி, யார் அழைத்து வருவார்கள், எந்த நாளில் அப்பாவைப் பார்க்கலாம், விடுமுறையில் பாட்டி வீட்டிற்குப் போவது உண்டா, மிதிவண்டி எந்த வீட்டில் இருக்கும். மாறாமல் இருப்பவற்றை எடுத்துச் சொன்னால் மாறுவதைத் தாங்கும் வலிமை பிறக்கும். ஒருமுறை சொல்லிவிட்டால் போதாது. குழந்தை அதே கேள்வியைப் பத்து முறை கேட்கும். பத்து முறையும் அதே அமைதியோடு அதே விடை கிடைக்க வேண்டும்.

சொன்ன நாளில் வருவது இதில் மிக முக்கியம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன தந்தைக்காக ஒன்பது மணிக்கே செருப்பை மாட்டிக்கொண்டு குழந்தை வாசற்படியில் உட்கார்ந்திருக்கும். அவர் வராவிட்டால் அது இழப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டுமன்று. பெரியவர்களின் வாக்கின் மீது அதற்கிருந்த நம்பிக்கையையும்தான். அதுபோலவே, 'இன்று காய்ச்சல்', 'இன்று விருந்தாளிகள்' என்று காரணம் காட்டி ஒவ்வொரு சந்திப்பையும் தட்டிக் கழிப்பவரும் பறிப்பது எதிராளியின் உரிமையை அன்று.

சுமத்தக் கூடாத சுமைகள்

குழந்தையின் தோளில் ஏற்றக் கூடாத சுமைகள் ஐந்து.

முதலாவது, தூது. 'பள்ளிக் கட்டணம் இன்னும் வரவில்லை என்று உன் அப்பாவிடம் சொல்' என்பது ஒரு குழந்தை சுமக்க வேண்டிய செய்தி அன்று. பெரியவர்கள் தாங்களே நேரில் பேசிக்கொள்ள வேண்டும். பேச இயலாவிட்டால் எழுதிக்கொள்ளலாம்.

இரண்டாவது, உளவு. 'அங்கே யார் வந்திருந்தார்கள்? புதிதாக என்ன வாங்கியிருக்கிறாள்?' என்று விசாரிக்கும்போது குழந்தையின் பாசம் சாட்சியமாக மாற்றப்படுகிறது.

மூன்றாவது, தீர்ப்பு. 'உனக்கு யாரைப் பிடிக்கும்?' என்ற கேள்வியை விளையாட்டாகவும் கேட்கலாகாது.

நான்காவது, ஆறுதல். தாயின் கண்ணீரையோ தந்தையின் தனிமையையோ தாங்குவது குழந்தையின் கடமை ஆகாது. அழுவதில் தவறில்லை, தோள் கொடுக்கப் பெரியவர் ஒருவரை நாடுவதே முறை.

ஐந்தாவது, வெறுப்பு. 'நீயும் அவரைப் போலத்தானே' என்ற ஒரு சொல் போதும். குழந்தை தன்னைத் தாயின் பாதியாகவும் தந்தையின் பாதியாகவும் உணர்கிறது. அவர்களில் ஒருவர் இழிவானவர் என்று கேட்கும்போதெல்லாம் தன்னில் பாதி இழிவானது என்றே அது எடுத்துக்கொள்ளும்.

விதிவிலக்கு

இவ்வளவு சொன்னபின் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். அடியும் அச்சமும் நிலவும் வீட்டில் 'குழந்தைகளுக்காகப் பொறுத்துப் போ' என்று ஒரு பெண்ணுக்கு அறிவுரை கூறுவது அறமாகாது. தாய் அடிபடுவதைப் பார்த்து வளரும் குழந்தைக்கு அந்த வீடு பாதுகாப்பான இடமாக இருப்பதில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ், குழந்தையைத் தற்காலிகமாகத் தாயின் பொறுப்பில் ஒப்படைக்கவும், குழந்தைக்குத் தீங்கு நேரும் எனக் கருதினால் எதிர்த்தரப்பினர் சந்திப்பதை மறுக்கவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. இரு பெற்றோரின் உறவும் தேவை என்ற கோட்பாடு, குழந்தையின் பாதுகாப்பு என்ற அடித்தளத்தின் மீதே நிற்கிறது.

சுற்றமும் பள்ளியும்

தாத்தா பாட்டிகளுக்கு இதில் தனியிடம் உண்டு. இரண்டு வீடுகளுக்கிடையே அலையும் குழந்தைக்கு மாறாத சுவையும் மாறாத கதையும் அவர்களிடம்தான் கிடைக்கும். ஆனால் தம் மகன் அல்லது மகள் பட்ட வேதனையால் அவர்களே மிகக் கசந்து பேசுபவர்களாகவும் மாறுவதுண்டு. பேரக்குழந்தையின் காதுபட மருமகளையோ மருமகனையோ பழிப்பதில்லை என்று ஒரு பாட்டி உறுதி பூண்டால், அதைவிடப் பெரிய உதவி அக்குழந்தைக்கு வேறில்லை.

திருமண வீடுகளிலும் பண்டிகை நாள்களிலும் உறவினர் குழந்தையின் தலையைத் தடவி 'பாவம்' என்கிறார்கள். பரிவோடு சொல்லப்படும் அச்சொல், தன்னிடம் ஏதோ குறை இருக்கிறது என்ற எண்ணத்தைக் குழந்தைக்குள் விதைக்கிறது. மற்றக் குழந்தைகளோடு சேர்த்து உட்கார வைத்துப் பரிமாறுவதே போதுமான பரிவு.

ஆசிரியருக்குச் செய்தியைத் தெரிவித்து வைப்பது பயன் தரும். மதிப்பெண் திடீரெனச் சரிந்தாலோ, குழந்தை சண்டையில் இறங்கினாலோ அவர் புரிந்துகொள்வார். இயன்ற இடத்தில் மதிப்பெண் அட்டையைத் தாய், தந்தை இருவருக்கும் காட்டுவதும், ஆண்டு விழாவிற்கு இருவரையும் அழைப்பதும் நன்று. அரசு நடைமுறைகளும் சற்று இளகியிருக்கின்றன. 2016-இல் அறிவிக்கப்பட்ட மாற்றத்தின்படி, கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயர் இருந்தாலே போதும்.

மறுமணம் நிகழும் வீடுகளில் பொறுமை இன்னும் மிகுதியாக வேண்டும். புதிதாக வந்தவரை 'அப்பா' என்றோ 'அம்மா' என்றோ அழைக்கும்படி வற்புறுத்தலாகாது. அந்தச் சொல் தானாக மலர்ந்தால் மகிழ்ச்சி. மலராவிட்டாலும் மரியாதையும் நட்பும் வளர இடமுண்டு.

பெற்றோர் தமக்குள் செய்ய வேண்டியது

மேற்சொன்ன யாவும் கேட்க எளியவை, செய்ய அரியவை. ஏமாற்றப்பட்டவர், அவமதிக்கப்பட்டவர் தம்மைப் புண்படுத்தியவரைப் பற்றி நல்லது பேச முடியுமா? பேச வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. குழந்தையின் முன் தீயது பேசாமல் இருப்பதே முதற்படி. நாவடக்கத்தை விரதமாகக் கொள்ளும் மரபு நம்முடையது. அந்த விரதத்தை நோற்கப் பிரிந்த பெற்றோரின் வீட்டைவிடக் கடினமான களம் இராது.

மௌனம் காப்பதற்கு உள்ளே ஓரளவு அமைதி வேண்டும். நம்பிக்கைக்குரிய ஒரு நண்பரிடமோ மூத்தவரிடமோ மனத்தை இறக்கி வைக்கலாம். சமரசத்திற்கு முயல்வது குடும்பநல நீதிமன்றங்களின் கடமைகளுள் ஒன்று; ஆலோசகர்களின் உதவியும் அங்கு உண்டு. 1984-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை உருவாக்கியதன் நோக்கமும் அதுவே. மன உளைச்சலுக்கு ஆலோசனை தரும் அரசின் தேசியத் தொலைபேசிச் சேவை 2022 முதல் 14416 என்ற எண்ணில் இயங்குகிறது. ஆபத்திலிருக்கும் குழந்தைகளுக்கான உதவி எண் 1098. உதவி நாடுவது பலவீனம் என்று எண்ணிக் காலம் கடத்துவது குழந்தைக்கே இழப்பாக முடியும்.

வால்மீகியின் ஆசிரமத்தில்

கணவனைப் பிரிந்து பிள்ளைகளை வளர்த்த தாய் ஒருத்தியை இந்நாடு நன்கறியும். உத்தர காண்டத்தில் கருவுற்ற சீதை காட்டில் விடப்படுகிறாள். அவளுக்கு நேர்ந்தது நியாயமா என்ற கேள்வியைப் பல நூற்றாண்டுகளாக மக்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வால்மீகியின் ஆசிரமத்தில் லவனும் குசனும் பிறந்து வளர்கிறார்கள். தாய்க்கு மனக்குறை இருக்க எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் கற்றுப் பாடியது தந்தையின் கதையை. சீதை இருந்த இடத்தில் இராமனின் கதையைப் பாட முடிந்தது என்பதே கவனிக்க வேண்டியது. அவளுடைய துயரம் அவளுடையதாகவே இருந்தது; பிள்ளைகளின் குரலை அது அடைக்கவில்லை.

பிரிந்து வாழும் ஒவ்வொரு தாயும் தந்தையும் தம் குழந்தைக்குத் தரக்கூடியது இதுதான்: அந்த வீட்டின் மகிழ்ச்சியை இந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்லும் சுதந்திரம். ஞாயிறு மாலை பையோடு திரும்பும் குழந்தையிடம் 'நன்றாக இருந்ததா?' என்று கேட்டு, 'ஆம்' என்ற விடையை முகம் மாறாமல் கேட்டுக்கொள்வது சிறிய செயல். நெஞ்சு வலிக்கத்தான் செய்யும். ஆனால் அன்று முதல் அக்குழந்தை தன் சிரிப்பை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டியதில்லை.

குழுவாகச் சிந்திக்க

1. பெற்றோர் பிரிந்துவிட்ட குழந்தை ஒன்று நமக்குத் தெரிந்த வட்டத்தில் இருக்கிறதா? கடந்த ஓராண்டில் அதனிடம் நாம் பேசிய சொற்கள் எவை?

2. ஐந்து சுமைகளுள், நம் வீடுகளில் அறியாமலே குழந்தைகள் மீது ஏற்றப்படுவது எது? பிரியாத குடும்பங்களிலும் இது நிகழ்வதில்லையா?

3. 'குழந்தைக்காகப் பொறுத்துப் போ' என்ற அறிவுரை எப்போது பொருந்தும்? எப்போது அது தீங்காகும்?

4. குழந்தையின் எதிரில் ஒருவரைப் பற்றிக் குறை கூறுவதில்லை என்ற விரதத்தை ஒரு வாரம் கடைப்பிடித்து, அனுபவத்தை அடுத்த கூட்டத்தில் பகிர்ந்துகொள்க.